கண்ணில் ஒற்றிய லட்டுப்பெட்டி

ராஜா காலத்தில் பிளாஸ்டிக் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதை கேட்க வந்தவர்கள் உட்காருங்கள்.

எட்டுத்திசைகொண்டான் என்று ஒரு ராஜா. பெயர்தான் அப்படி. ஆண்டது ஏழே ஊர். அந்த ஏழு ஊருக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார். ராஜாவின் முகம் அச்சிட்ட பொருளை யார் கையில் வாங்கினாலும் இரண்டு கண்ணிலும் அழுத்தி ஒற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் பத்துக் கசையடி. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தானாக ஒற்றிக்கொள்ளத் தோன்றாது. அதனால்தான் சட்டம்.

அவருக்குப் பிறந்தநாள் நெருங்கியது. ஊருக்கெல்லாம் லட்டு. நெய் கசியாமல் இருக்க, பிளாஸ்டிக் பூசிய அட்டையில் ஆயிரம் பெட்டி செய்தார்கள்.

"மூடியில் என் முகம் வேண்டும். எண்ணெய் மை நாறும், லட்டில் வாடை ஏறும். தண்ணீர் மையில் அடியுங்கள். நாளைக்கே வேண்டும்!" என்றார் ராஜா.

அச்சுக்கூடம் நடத்திய சடையம்மாள் ஒரு பெட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"மகாராஜா, இந்த வழவழப்பிலே தண்ணீர் மை பிடிக்காதுங்க. சேம்பிலைத் தண்ணி மாதிரி உருண்டு நிக்கும். முதல்ல வழவழப்பை எடுக்கணும். அப்புறம் அச்சடிச்சு, ஒவ்வொண்ணையும் சூடான காத்திலே உலர்த்தணும். நாலு நாள் கொடுங்க."

மந்திரி திருமலைக்கொழுந்து கனைத்தார். "நாலு நாளா? சுத்தச் சோம்பேறித்தனம்! என் மைத்துனன் ஒரே நாளில் முடிப்பான், மகாராஜா."

அந்த மைத்துனர் அதுவரை அச்சுக்கட்டையை அடுப்பெரிக்கத்தான் பயன்படுத்தியவர்.

மறுநாள் ஆயிரம் பெட்டியும் சபைக்கு வந்துவிட்டன. மையில் கோந்தைக் கொட்டி அப்பியிருந்தார் மகானுபாவர். தூரத்திலிருந்து பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ராஜாவும் சிம்மாசனத்தில் இருந்தபடியே பார்த்தார். இறங்கி வந்து தொட்டுப் பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா?

"நாலு நாள் ஆகும் என்று பொய் சொன்னாளே அந்தச் சடையம்மாள்! அவள் அச்சுக்கூடம் இனி மந்திரியின் மைத்துனருக்கு. பொழுது சாய்வதற்குள் அவள் நாட்டை விட்டுப் போகட்டும்!"

சபை ஓரத்தில் நின்ற சடையம்மாள் கைகூப்பினாள். "முப்பது வருஷ உழைப்பு சாமி..." என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

சபையில் வேடிக்கை பேசவென்றே சம்பளம் வாங்கிய தாண்டவன் பெட்டி அடுக்கின் ஓரமாக நின்றிருந்தான். ஒரு மூடியைச் சுண்டுவிரலால் மெல்லத் தொட்டான். விரல் நீலமாகிவிட்டது. கையை மூடிக்கொண்டு முன்னால் வந்தான்.

"மகாராஜா, இத்தனை பெரிய காரியம் செய்த மந்திரியாருக்கே முதல் பெட்டியைக் கொடுக்க வேண்டாமா?"

"பேஷ்! கொடு" என்றார் ராஜா.

மந்திரி தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். அச்சு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பெட்டியை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, கீழே வைக்கப் போனார்.

"என்ன மந்திரியாரே, கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லையே?" என்றான் தாண்டவன். "மகாராஜாவின் முகம் அவ்வளவு கசந்துவிட்டதா?"

"ஐயையோ! அப்படியெல்லாம் இல்லை!"

"அப்படியானால் ஒற்றுங்கள். நன்றாக அழுத்தி ஒற்றுங்கள். சட்டம் அப்படித்தானே சொல்கிறது?"

கசையடிக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். மந்திரி ஒற்றினார். நிமிர்ந்தபோது இரண்டு கண்ணைச் சுற்றியும் நீலம். மூடியில் இரண்டு காது மட்டும் மிச்சம்.

ராஜா பதறி எழுந்தார். "என் மீசை எங்கேடா?"

"பத்திரமாக இருக்கிறது, மகாராஜா. மந்திரியாரின் இமைமேல்."

சபை குலுங்கியது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்த ராஜா, மந்திரியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சடையம்மாளுக்கு அச்சுக்கூடமும் கிடைத்தது, கேட்ட நாலு நாளும் கிடைத்தது. தாண்டவனுக்கு ஒரு முத்துமாலை.

"அதெல்லாம் சரி, பாக்கிப் பெட்டிகளை என்ன செய்வது?" என்று கேட்டார் ராஜா.

"குப்பையில் போடலாமா, மகாராஜா? உங்கள் முகமல்லவா!" என்றான் தாண்டவன். "மைத்துனர் வீட்டுக்கே அனுப்புங்கள். கசையடிக்காரனும் கூடவே போகட்டும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் அவர் ஒற்றி முடிக்கும் வரை."