முதலாளி கையால் முதல் விளக்கு

சேலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே எந்த விசேஷமானாலும் முதல் விளக்கு முதலாளி குழந்தைவேலு கையால்தான் எரியணும்.

அன்றைக்கு ஒரு கல்யாணம். மழையில் நனைந்த வாசல் இரும்பு வளைவில் சீரியல் லைட் ஒயர் சுற்றியிருந்தது. எலி கடித்து, மேல்தோல் போய், செம்புக் கம்பி பல்லிளித்தது. ஒயரை மாற்றணும் என்றான் ஒயர்மேன் மாரப்பன்.

மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனைக்கு வந்துவிட்டது. குழந்தைகள் வளைவைப் பிடித்துத் தொங்கினார்கள்.

"கரண்ட் கம்பியிலதான்டா ஓடுது, தோல் சும்மா அழகுக்கு," என்றார் முதலாளி. "இதையே ரெடி பண்ணு, நான் போடறேன். இல்லேன்னா வேலையை விட்டுப் போ."

மாரப்பன் தன் கட்டிங் பிளேயரின் கைப்பிடி ரப்பரை உருவிச் சட்டைப்பையில் போட்டான். "ஒரு முறுக்கு தளர்ந்திருக்குங்க. கரண்டிலேயே இறுக்கினா எரியும். உங்க கையாலேயே பண்ணிடுங்க," என்று எல்லார் முன்னாலும் நீட்டினான்.

வாங்கப்போன கை பாதியில் நின்றது. "ரப்பர் எங்கடா? என்னைக் கொல்லப் பார்க்கிறியா?"

கல்யாணப் பெண்ணின் அப்பா வளைவில் தொங்கிய குழந்தைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மெயின் சுவிட்சே இன்னும் போடலீங்க," என்றான் மாரப்பன். "செத்த கம்பிக்கே உங்க கைக்கு ரப்பர் வேணும். இதுங்க கைக்கு?"

புது ஒயர் கட்டி முடியும்வரை நாதஸ்வரக்காரர் தெருவிலேயே இன்னொரு பாட்டு வாசித்தார்.