பன்னிரண்டு சொல் கேட்டு வந்த கொடைவள்ளல்

தாழையூரை ஆண்ட மழவரையர் நல்லவர்தான். இலவசம் என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் அவருக்குக் காது இரண்டும் நீண்டுவிடும்.

அந்த ஊர்க் கஜானாவுக்கு ஒரு விசித்திர வழக்கம். கதவுக்குச் சாவி கிடையாது. உள்ளே காளத்தி என்றொரு முரட்டுக் காவலர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவரில் ஒரு துவாரம். அதன் வழியாகப் பன்னிரண்டு ரகசியச் சொற்களை வரிசை மாறாமல் சொன்னால் திறப்பார். சொன்னவன் திருடனானாலும் திறப்பார். சொல்லத் தெரியாவிட்டால் அரசருக்கே திறக்கமாட்டார். 'மாறுவேஷம் போட்டு முகத்தை மாற்றலாம், மனசுக்குள் இருக்கும் சொல்லை எவன் திருடுவான்?' என்று அரசரின் பாட்டனார் செய்துவைத்த ஏற்பாடு அது. நேரில் வந்து பல்லைக் காட்டிக் கேட்டால் பேரன் கொடுத்துவிடுவான் என்று பாவம், அவர் நினைக்கவில்லை.

அந்த வருஷம் கஜானாவில் இருந்தது ஏரிக்கரை கட்டுவதற்கான பொன். கரை மூன்று இடத்தில் உடைந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குள் கட்டாவிட்டால் ஊர் தண்ணீரில் போய்விடும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை, பட்டும் ஜரிகையுமாக ஒருவன் சபைக்குள் நுழைந்தான்.

"சங்குத்தீவுச் சக்கரவர்த்தியின் தூதன் நான். பெயர் இரத்தினசேனன். எங்கள் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு விழா. அந்தச் சந்தோஷத்தில் நூறு அரசர்களுக்கு ஆளுக்கு ஆயிரம் சங்குப்பொன் சும்மா கொடுக்கிறார்!"

சொன்னதோடு நிற்கவில்லை. சபையில் இருந்த எல்லோர் கையிலும் பளபளவென்று ஆளுக்கொரு காசை வைத்தான். மந்திரிகள் முகம் மலர்ந்துபோயிற்று.

"நான் என்ன தரவேண்டும்?" என்றார் அரசர்.

"ஒன்றும் வேண்டாம், மன்னா! கஜானா உங்களுடையதுதானா என்று சரிபார்க்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு சொல்லை ஓலையில் எழுதிக் கொடுத்தால் போதும். முத்திரை வைத்துச் சக்கரவர்த்திக்கு அனுப்பிவிடுவோம். யாரும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டோம். ஆனால் சீக்கிரம்! தொண்ணூற்றேழு அரசர்கள் வாங்கியாயிற்று. இன்று சூரியன் சாய்ந்தால் முடிந்தது."

அரசர் எழுத்தாணியைக் கையில் எடுத்தேவிட்டார்.

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் அடைப்பக்காரர் வெள்ளைநம்பி. அரசருக்கு வெற்றிலை கொடுக்கும் வேலை என்பதால் அவர் காதருகே குனியும் உரிமை நம்பிக்கு உண்டு. குனிந்தார்.

"மகாராஜா, நாளைச் சமையலுக்கு என்ன காய் என்று எழுதிக் கொடுங்கள்."

"என்ன உளறுகிறாய்?" என்று அரசர் கிசுகிசுத்தார். "பொய் எழுதினால் பொன் வராதே!"

"ஏன் வராது? பிரித்தே பார்க்கமாட்டேன் என்கிறார். அது பொய்ச்சொல் என்று தெரிய ஒரே வழி, கஜானாக் கதவில் போய்ச் சொல்லிப் பார்ப்பதுதான். கொடுக்க வந்தவருக்கு அங்கே என்ன வேலை?"

அரசருக்கு அரை மனசுதான். "ஆயிரம் பொன் கைநழுவினால் உன் வேலை போச்சு, நம்பி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே எழுதினார். தூதன் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விடைபெற்றான்.

உச்சிவேளை. ஊரே சாப்பாட்டில் இருந்தது. நம்பி அரசரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி, நாலு வீரர்களோடு கஜானா எதிரே இருந்த வைக்கோல்போருக்குப் பின்னால் உட்காரவைத்தார். "ரசம் ஆறிப்போகும்" என்று அரசர் முணுமுணுத்து வாய் மூடுவதற்குள் தூதன் வந்துவிட்டான். கூடவே ஆறு கழுதைகள். கழுதைகள் முதுகில் காலிச் சாக்குகள்.

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். துவாரத்தில் வாயை வைத்தான். மந்திரம் ஓதுகிற பயபக்தியோடு ஆரம்பித்தான்.

"கத்தரிக்காய்... புடலங்காய்... அவரைக்காய்... பூசணிக்காய்..."

பன்னிரண்டாவதாகச் சுண்டைக்காய் சொல்லி முடித்தான்.

உள்ளிருந்து காளத்தியின் குரல் கேட்டது. "யோவ், சமையல்கட்டு அந்தப் பக்கம்!"

தூதன் விடவில்லை. ஓலையை விரித்துப் பார்த்து, சுண்டைக்காயிலிருந்து தலைகீழாகச் சொல்லிப் பார்த்தான்.

"எப்படிக் கூவினாலும் இங்கே காய் வாங்கமாட்டோம்யா, போ!"

வைக்கோல்போரே குலுங்குகிற மாதிரி சிரித்துக்கொண்டு அரசர் வெளியே வந்தார். "தூதரே, பொன் கொடுக்க வந்தவருக்குக் காலிச் சாக்கு எதற்கு?"

"சரி... சரிபார்க்க..." என்று இழுத்தான் அவன். அதற்குள் வீரர்கள் அவன் கையைக் கட்டிவிட்டார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அரசருக்கு வெட்கமாகப் போயிற்று. "ஏரியை நானே ஊருக்குள் திறந்துவிட இருந்தேனே, நம்பி! இனி ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இன்றைக்கே கரை வேலை ஆரம்பம்." துவாரத்தைப் பார்த்துக் கத்தினார். "காளத்தி! பொன்னை வெளியே எடு!"

"யாரது?"

"நான்தான், அரசன்!"

"அரசனோ ஆண்டியோ, பன்னிரண்டு சொல்லைச் சொல்லும்."

அரசர் நெஞ்சை நிமிர்த்தினார். தொண்டையைக் கனைத்தார். கட்டிப்போட்டிருந்த தூதன் மெல்லத் தலையைத் தூக்கினான். முதல் சொல்லுக்காக அரசர் வாயைத் திறந்ததுதான் தாமதம், நம்பி ஒரே பாய்ச்சலில் வந்து நாலு வெற்றிலையை மொத்தமாக மடித்து அவர் வாய்க்குள் திணித்துவிட்டார்.

அரசர் விழி பிதுங்க நம்பியைப் பார்த்தார். தூதனைப் பார்த்தார். அவன் கழுத்தை நீட்டிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

விஷயம் புரிந்தது. வாய் நிறைய வெற்றிலையோடு அரசர் சிரித்த சிரிப்பில் பட்டு அங்கவஸ்திரம் எல்லாம் சிவப்பாகிவிட்டது. பேச முடியாமல் தன் கைக்காப்பைக் கழற்றி நம்பியின் கையில் மாட்டினார்.

"என்னய்யா, முதல் சொல்லே இன்னும் வரவில்லை?" என்று உள்ளே காளத்தி சலித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறும், அண்ணே!" என்றார் நம்பி. "முதலில் இந்தக் கொடைவள்ளலைக் கொண்டுபோய்ச் சிறையில் விட்டுவிட்டு வருகிறோம். அதுவரைக்கும் மகாராஜா வெற்றிலை போடுகிறார்!"