கதவோரத்து நாற்காலி

ஹசிதிய யூதர்களின் குருவான ஃபைவிஷ், ரஷ்யாவை விட்டு மான்ட்ரியலுக்கு வந்து சேர்ந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். ரொட்டிக்கடைக்குப் பக்கத்து அறையில் பழைய சீடர்கள் அவரோடு பிரார்த்தனைக்குக் கூடினார்கள்.

கதவோரத்து நாற்காலி யெருகாமுடையது. பிரார்த்தனையே குற்றமாக இருந்த அந்த நாட்டில் காவல் இருந்தவன் அவன். போலீஸில் சிக்கியபோது பற்கள் உதிர்ந்தன. வாயிலிருந்து ஒரு பெயர்கூட உதிரவில்லை. கப்பலேறி வந்தபோது அந்தப் பெருமை ஒன்றுதான் அவன் சாமான். இந்த ஊரில் அதை விசாரிக்க நாதியில்லை.

அன்று ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். பத்து ஆண்கள் சேராமல் கூட்டுப் பிரார்த்தனை கிடையாது. காத்திருந்தார்கள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

யெருகாம் பழைய எச்சரிக்கைபோல இருமினான். அவ்வளவுதான். புத்தகங்கள் கோட்டுகளுக்குள் போயின, மேசைக்குச் சதுரங்கப் பலகை வந்தது. கைகள் இன்னும் அந்த நாட்டிலேயே இருந்தன.

யெருகாம் கதவைத் திறந்தான். வாசலில் பனியை உதறியபடி ஒருவன். “இங்கே பிரார்த்தனை நடக்குதாமே?”

“யார் சொன்னா? நாங்க சதுரங்கம் ஆடுறோம்.”

“ஒரு பலகைக்கு இத்தனை பேரா?”

“ரெண்டு பேர் ஆடுறாங்க. மத்தவங்க வேடிக்கை பார்க்கிறோம்.”

“அப்பா தவறிட்டார். அவருக்காகப் பிரார்த்தனை சொல்லணும், பத்துப் பேர் வேணும். வீடு மாறி வந்துட்டேன் போல. மன்னிச்சுக்குங்க.”

யெருகாம் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

“கெட்டிக்காரன்யா நீ,” என்றான் சீடர்களில் ஒருவனான பெரல். “பத்தாவது ஆளைச் சரியாப் பிடிச்சுத் துரத்திட்டே.”

யாரோ சிரித்தார்கள். யெருகாம் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

“நான் வர்றேன், குருவே.”

“எங்கே?”

“தெரியலை. கதவைக் காக்கிறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. போலீஸ் வராத ஊர்ல என்னை வெச்சு என்ன செய்வீங்க?”

குரு கதவோரத்து நாற்காலியைத் தூக்கினார். மூச்சு வாங்கியது. தாழைத் திறந்து வெளியே போய், பனி படிந்த நடைபாதையில் தெருவைப் பார்த்து அதைப் போட்டார்.

“இனிமே இங்கே காவல் இரு.”

யெருகாமுக்குக் கோபம் வந்தது. “யாரைத் தடுக்கச் சொல்றீங்க?”

குரு தெருமுனையைக் காட்டினார். அந்த மனிதன் தலையைக் குனிந்தபடி மெதுவாக நடந்துகொண்டிருந்தான்.

“திரும்பிப் போறவனை.”