பூதம் விட்ட கொட்டாவி

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் ஒரு தங்கச்சியும் இருந்தாங்க. அக்கா பேரு பவளம், தங்கச்சி பேரு மயிலா. ரெண்டு பேரும் கூழ் காய்ச்சி வடாம் பிழிஞ்சு விப்பாங்க. ஊருக்கு வெளியில கல் உடைச்சு விட்டுட்டுப்போன பழைய குவாரி ஒண்ணு. அங்க பாறையெல்லாம் தகதகன்னு சுடும். அதுல வேட்டியை விரிச்சு வடாம் பிழிஞ்சா, சாயங்காலத்துக்குள்ள கலகலன்னு காஞ்சிடும்.

‘ம்’ கொட்டு. நீ கொட்டினாத்தான் கதை நடக்கும்.

அந்த ஊர்ல ஒரு பழக்கம். யாரு கொட்டாவி விட்டாலும், பக்கத்துல இருக்கறவங்க வாய்க்கு நேரா டொக்கு டொக்குன்னு சொடக்குப் போடுவாங்க. திறந்த வாய் வழியா எதுவும் உள்ள போயிடக்கூடாது, வெளியவும் வந்துடக்கூடாதுன்னு. பவளம் கொட்டாவி விட்டா மயிலா சொடக்குப் போடுவா. போட்ட கையோட அவளுக்கும் கொட்டாவி வந்துடும். அப்புறம் அதுக்கு இவ சொடக்கு. விடிகாலையில கூழ் கிண்டுறப்போ அந்த வீட்டுல டொக்கு டொக்குன்னு ஒரே சத்தமா இருக்கும்.

அப்புறம் என்னாச்சு? குவாரி நடுவுல பச்சையா ஒரு குட்டை. அசையாத தண்ணி. அதுக்குள்ள ஒரு பூதம். ஒருநாள் உச்சி வெயில்ல மயிலா, கையெல்லாம் கூழா இருக்கேன்னு அந்தக் குட்டையில குனிஞ்சா. அவ முகத்தோட நிழல் தண்ணியில விழுந்துச்சு. அவ்வளவுதான். லபக்! ஆளையே காணோம்.

பவளம் ஓடி வந்தா. “மயிலா! ஏ மயிலா!”

கொளக் கொளக்னு தண்ணி கொதிச்சுச்சு. உள்ளேயிருந்து ரெண்டு மயிலா எழுந்து நின்னாங்க. அதே பாவாடை, அதே மூக்குத்தி, ரெண்டு பேர் கையிலயும் அதே கூழ்.

“இதுல ஒண்ணு உன் தங்கச்சி, ஒண்ணு நான் செஞ்சது”ன்னு பூதம் சொல்லுச்சு. “எது உன்னுதுன்னு மூணு தடவை சரியாச் சொல்லு, கூட்டிட்டுப் போ. ஒரு தடவை தப்பினாலும் அவ எனக்கு. பொழுது சாய்ஞ்சாலும் எனக்கு.”

அப்போ சத்தம் கேட்டு ஊரே ஓடி வந்துச்சு. முதல் ஆளா டீக்கடை சிங்காரம் வந்தாரு. மீசையெல்லாம் நரைச்ச மனுசன். அவரு சின்னப் பையனா இருந்தப்போ அவங்க அம்மா கோவிந்தம்மாளையும் இந்தக் குட்டைதான் விழுங்குச்சு.

“பவளம், பாத்தும்மா,” அவரு சொன்னாரு. “எங்கப்பா முதல் தடவையே தப்பிட்டாரு. கேட்டதுக்கெல்லாம் பிசகாம பதில் சொன்னவளைக் கூட்டிட்டு வந்தாரு. விளக்கு ஏத்துற நேரத்துல அது தண்ணியாக் கரைஞ்சு வாசப்படி வழியா ஓடிப்போச்சு. நிஜமான அம்மா இன்னும் உள்ளதான் இருக்கா.”

கேக்குறியா?

சரி. பவளம் முதல் கேள்வி கேட்டா. “நம்ம ஆடு காணாமப் போச்சே, அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

ஒரு மயிலா சொன்னா: “மழை பேஞ்சுச்சு. நாம ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே தூங்கிட்டோம். விடிஞ்சு பாத்தா ஆடு தானா வந்து கொடியில இருந்த துணியை மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.”

இன்னொரு மயிலா சொன்னா: “நீ தூங்கிட்டக்கா. நான்தான் மழையில ஏரிக்கரை வரைக்கும் போனேன். ஒரு நரி வந்துச்சு. குச்சியால ஒரே போடு! ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தேன்.”

“அடேங்கப்பா, நரியாம்! இந்தப் புளுகுணிதான் பூதம் செஞ்சது!”ன்னு ஊரே கத்துச்சு.

பவளம் அந்தப் புளுகுணி கையைத்தான் பிடிச்சா. “இவதான் என் தங்கச்சி!”

எப்படின்னு கேளேன். மயிலா பொய் சொல்லலை. அவளுக்கு நிஜமாவே அப்படித்தான் ஞாபகம். முதல்ல சொன்னப்போ தெருமுனை வரைக்கும் போனேன்னா. அடுத்த தடவை அது ஏரிக்கரை ஆச்சு. அப்புறம் நரி வந்துச்சு. மனுச மனசு ஒண்ணை வெளிய எடுத்துப் பாக்குறப்பல்லாம் அதுக்குக் கொஞ்சம் சாயம் பூசித்தான் திரும்ப வைக்கும். எனக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான். விழுந்ததை விழுந்தபடி வச்சிருக்கறது தண்ணி மட்டும்தான்.

பூதத்துக்குக் கோபம். தண்ணியைப் பளார்னு அடிச்சு, ரெண்டு பேரையும் திரும்ப உள்ள இழுத்துக்கிச்சு. “ரெண்டாவது தடவை! ஆனா இப்போ நீயும் குனிஞ்சு முகம் காட்டணும்.”

வேற வழி? பவளம் குனிஞ்சா. முகம் தண்ணியில விழுந்தா மனசும் விழுந்த மாதிரிதான், அவ நினைப்பெல்லாம் பூதத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்போ வந்த ரெண்டு மயிலாவும் நரியைப் பத்தி ஒண்ணு போல அளந்தாங்க. ஒருத்தி கூடுதலா ஒரு சிறுத்தையையும் சேர்த்துக்கிட்டா.

பவளம் யோசிச்சா. நான் நினைக்கறது அதுக்குத் தெரியும்னா, தெரியட்டுமே! ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சு, விரலை ஆட்டிக்கிட்டே இடுப்புக்கிட்ட கொண்டு போனா. கிச்சு கிச்சு கிச்சு...

ஒருத்தி விரல் படறதுக்கு முன்னாடியே “ஹிஹிஹி”ன்னு சிரிச்சா. விரல் பட்டப்போ சும்மா நின்னா, மரக்கட்டை மாதிரி. இன்னொருத்தி முதல்ல முறைச்சா. விரல் பட்டதும் “ஐயோ அக்கா, விடுடீ!”ன்னு துள்ளி விழுந்தா.

“துள்ளினவதான் என் மயிலா!”

உன்னை நீயே கிச்சுகிச்சு மூட்டிப் பாரு. வராது. உன் விரல் எங்க போகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமே, அதான். எல்லாம் தெரிஞ்சவனுக்குக் கூச்சமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாவம் பூதம்.

ஆனா அது இன்னும் விடலை. “மூணாவது தடவை!”

பொழுது இறங்குது. பாறையெல்லாம் செவப்பு. மறுபடி ரெண்டு மயிலா. இந்தத் தடவை அது எல்லாத்தையும் கத்துக்கிச்சு. ரெண்டு பேரும் ஒண்ணு போல அளந்தாங்க, ஒண்ணு போலத் துள்ளினாங்க. பவளம் எதைக் கேக்க நினைச்சாலும், வாயைத் திறக்கறதுக்குள்ள பூதத்துக்கிட்ட பதில் தயாரா இருந்துச்சு.

“ஏதாவது யோசிம்மா!”ன்னு சிங்காரம் தவிச்சாரு.

“யோசிச்சா அதுக்குத் தெரிஞ்சிடுதே மாமா.”

அவ்வளவுதான், ஒண்ணும் முடியலைன்னு பவளம் பாறையில உக்காந்துட்டா. விடிகாலையில இருந்து கூழ் கிண்டின உடம்பு. அழுது ஓய்ஞ்ச கண்ணு. மனசுல ஒரு நினைப்பும் இல்லை. அப்போ, அவ கூப்பிடாமலே, அவ நினைக்காமலே, அது வந்துச்சு.

ஆ... ஆ... ஆவ்!

ஒரு கொட்டாவி. பெரிய கொட்டாவி.

ஒரு மயிலாவோட கை தன்னால நீண்டுச்சு. டொக்கு டொக்கு! போட்ட கையோட அவளுக்கும் கொட்டாவி, கண்ணுல தண்ணி தளும்பத் தளும்ப. இன்னொரு மயிலா திருதிருன்னு முழிச்சா. அப்புறம்தான் வாயைப் பிளந்தா. வாய் திறந்துச்சு, கண்ணு நனையலை.

பவளம் பாய்ஞ்சு சொடக்குப் போட்ட கையைப் பிடிச்சா. “இவதான்! இவதான்! இவதான்!”

பூதம் செஞ்சது சளக்குனு தண்ணியாக் கொட்டிப்போச்சு.

கொட்டாவி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டும், தங்கம். அதுவும் யாரு மேல பாசமோ, அவங்ககிட்ட இருந்து சட்டுனு ஒட்டும். ஊர்ல எல்லாரும் ஆவ் ஆவ்னாங்க, டொக்கு டொக்குன்னாங்க. பூதம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் முழுக்க அது பவளத்தோட நினைப்புலயே கிடந்திருக்கு. இத்தனை காலத்துல யாரு கூடவும் அது அவ்வளவு நேரம் இருந்ததில்லை. அதுக்கும் ஒட்டிக்கிச்சு.

குட்டைதானே அதோட வாய், அது மெல்லத் திறந்துச்சு. ஆ... ஆ...

பழக்க தோஷம், ஊரே கையைத் தூக்குச்சு, சொடக்குப் போட.

“யாரும் போடாதீங்க!”ன்னு பவளம் கத்தினா. “அது வாய் திறந்தே இருக்கட்டும்!”

விரலெல்லாம் அந்தரத்துல நின்னுச்சு. பூதத்தோட வாய் அகலமாத் திறந்துச்சு. உள்ளேயிருந்து ஒவ்வொருத்தரா ஏறி வந்தாங்க. குடத்தோட ஒருத்தி, கோவணத்தோட ஒரு கல் உடைக்கிறவரு, வாத்து மேய்க்கப் போன ஒரு பிள்ளை, அது பின்னாடியே க்வாக் க்வாக்னு வாத்துங்க. கடைசியா ஒரு பொண்ணு, தலையில சாமந்திப்பூ வாடாம.

“நகருங்க, நகருங்க, அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்”னு அவசரமா நடந்தா.

சிங்காரம் குறுக்க வந்து நின்னாரு. அவ நிமிந்து பாத்தா. “யாருங்க பெரியவரே?”

அவரு வாயைத் திறந்தாரு. கொட்டாவிதான் வந்துச்சு. அவ கை தன்னால எழும்பி அவரு வாய்க்கு நேரா டொக்கு டொக்குன்னு சொடக்குப் போட்டுச்சு. தன் விரலை அவளே பாத்தா. அந்த நரைச்ச மீசையைப் பாத்தா. மனசுக்கு முன்னாடி விரலுக்குத் தெரிஞ்சுபோச்சு.

“சிங்காரமா?”

“பால் பொங்கலைம்மா,” அவரு சொன்னாரு. “அன்னிக்கே நான் இறக்கி வச்சுட்டேன்.”

அன்னிக்கு ஊரே மேளம் கொட்டிக்கிட்டு வீட்டுக்குப் போச்சு. பவளமும் மயிலாவும் முன்னாடி நடந்தாங்க. தெருமுனை திரும்பறதுக்குள்ளயே மயிலா ஆரம்பிச்சுட்டா, “நான்தான் அந்தப் பூதத்தோட மூக்குல ஒரு குத்து விட்டேன்”னு. பவளம் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினா.

பூதம்? அப்படியே தூங்கிப்போச்சு. இப்போ போனாலும் குளுக், குளுக்னு அதோட குறட்டை கேக்கும்.

பாத்தியா, உனக்கும் வந்துடுச்சு. டொக்கு டொக்கு. எனக்கும் வருது. ஆவ்... கதை வாயை மூடிக்கிச்சு கண்ணு, நீ கண்ணை மூடிக்கோ.