உடைந்தால் யார் பொறுப்பு?

மேலச்சாத்தம்பட்டியில் தோண்டி எடுத்த பழங்காலப் பொருட்களை, வெளியூர் அறிஞர்கள் பார்ப்பதற்காக ஒரு கொட்டகையில் பரப்பி வைத்திருந்தார் அகழாய்வு இயக்குநர் இளம்பரிதி. நல்ல மனுஷன்தான். ஆனால் படிப்பு ஏறிய அளவுக்குப் பொறுமை ஏறவில்லை.

வாசலில் ஊரே வந்து நின்றது.

"இது படிச்சவங்களுக்கு மட்டும். இவங்க உள்ளே வந்தா உடைச்சிடுவாங்க" என்றார்.

முகாமில் சமைக்கும் செல்லக்கிளி காபியை நீட்டினாள். "முழுசா இருக்கிற சாமான் ஒண்ணுகூட உடையாது சார். நான் பொறுப்பு."

"உடைஞ்சா, அதே காலத்துப் பானை ஒண்ணு நீ கொண்டு வரணும்!"

"ஆகட்டும் சார்."

கதவைத் திறந்துவிட்டு உள்ளே போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மேசை முழுக்க ஓட்டாஞ்சில்லு. முழுசாக ஒரு சட்டிகூடக் கிடையாது.

"ஏமாத்திட்டியேம்மா!"

"நான் என்ன சார் பண்ணுவேன்? எங்க பூட்டனுங்க அன்னைக்கே எல்லாத்தையும் உடைச்சு வச்சிட்டாங்க. அதனாலதானே நீங்க எங்க ஊருக்கே வந்தீங்க?"

அறிஞர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். ஜனங்கள் சந்நிதியில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். உற்சாகம் தாங்காமல் அவரே ஒரு சில்லைத் தூக்கிக் காட்ட, அது கை நழுவி விழுந்து இரண்டானது.

செல்லக்கிளி குனிந்து இரண்டையும் பொறுக்கினாள்.

"விடுங்க சார். அறிஞருங்களுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு."