இரண்டு பேர் அடித்த குறடு

ராஜாக்கள் ஒருவரையொருவர் நம்பாத காலம் அது. எந்தக் காலத்தில்தான் நம்பினார்கள் என்று கேட்கிறீர்களா? கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தக் காலத்தில் சந்தேகம் ராஜாவோடு நிற்கவில்லை. ராஜா மந்திரியைச் சந்தேகப்பட்டார். மந்திரி சமையற்காரனைச் சந்தேகப்பட்டான். சமையற்காரன் உப்பு விற்கிறவனைச் சந்தேகப்பட்டான்.

மேற்கு ராஜாவின் நாட்டுக்கும் கிழக்கு ராஜாவின் நாட்டுக்கும் நடுவே உலைமேடு என்று ஓர் ஊர். ஊர் முழுக்கக் கொல்லர்கள். அவர்கள் மேற்கு ராஜாவுக்கும் வாள் அடித்துக் கொடுத்தார்கள், கிழக்கு ராஜாவுக்கும் வாள் அடித்துக் கொடுத்தார்கள். அதனால் இரண்டு ராஜாக்களுக்குமே அந்த ஊர் மேல் சந்தேகம். ஊர் மட்டும் சும்மா இருக்குமா? சுற்றிலும் மதில் எழுப்பி, ஒரே ஒரு வாசல் வைத்து, வருகிறவர்கள் எல்லாரையும் அது சந்தேகப்பட்டது. வாசற்காவலன் பால்காரியின் குடத்துக்குள் குச்சியை விட்டுத் துழாவுவான். கீரைக்கட்டைப் பிரித்து உதறுவான். தாயின் தோளில் தூங்கும் குழந்தையைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவான்.

பெரிய சண்டை ஒன்று முடிந்திருந்தது. மழைக்காலம் தொடங்கும் நேரம். அந்த வாசலில் ஒரே நாளில் இரண்டு குடும்பங்கள் வந்து நின்றன.

ஒருவன் கொற்றன். மேற்கு ராஜாவின் படையில் வேல் பிடித்தவன். சண்டை வெறுத்துப்போய்ப் படையை விட்டு ஓடி வந்திருந்தான். பிடிபட்டால் தலை போய்விடும். கூடவே நிறைமாதத்தில் மனைவி.

இன்னொருவன் பூவன். கிழக்கு நாட்டுக் குடியானவன். மேற்கு ராஜாவின் படை வைத்த தீயில் வீடும் போயிற்று, மனைவியும் போய்விட்டாள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு பெண் குழந்தைகளைச் சுமந்துகொண்டு வந்திருந்தான்.

கொற்றன் கட்டியிருந்த படைக்கச்சையைப் பூவன் பார்த்தான். பூவன் பார்த்த விதத்தைக் கொற்றன் பார்த்தான். அதற்குப் பிறகு இருவரும் முகம் கொடுக்கவில்லை.

கொல்லத்தெருவுக்குத் தலைவி உடையாள். கணவன் இறந்ததும் அவனுடைய சம்மட்டியைத் தானே எடுத்தவள். லேசில் யாரையும் நம்பமாட்டாள். அவள் காலில் இரண்டு பேரும் விழுந்தார்கள்.

"எழுந்திரிங்கப்பா. விழுந்து கும்பிடுறவன் எல்லாம் நல்லவன்னா எனக்கு வேலையே இல்ல," என்றாள் உடையாள். "இந்த ஊர்ல இருக்கணும்னா தொழில் தெரியணும். இங்க யாரும் தனியா வேலை செய்யறதில்ல. ஒருத்தன் குறட்டால காய்ஞ்ச இரும்பைப் பிடிப்பான், ஒருத்தன் சம்மட்டியால அடிப்பான். அடிக்கிறவன் கொஞ்சம் பிசகினா பிடிக்கிறவன் கை போச்சு. அதனால ரெண்டு ரெண்டு பேராத்தான் சேர்த்துக்குவோம். நீங்க ரெண்டு பேரும் ஒரு சோடி."

"இவனோடயா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"இவனோடதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குறடு அடிக்கணும். ஆளுக்கு ஒரு பாதி. நடுவுல சுவர் இருக்கும்."

"சுவர் எதுக்கும்மா?" என்றான் பூவன்.

"பக்கத்துல பார்த்துப் பார்த்து ஒத்துப்போறவன் கண்ணை நம்புறான். பார்க்காம ஒத்துப்போறவன்தான் ஆளை நம்புறான்."

நாளுக்கு ஒன்றாக மூன்று முறை அடித்துப் பார்க்கலாம். ஒரு முறையாவது இரண்டு பாதியும் சேர்ந்து இரும்பைக் கடித்தால் இருவருக்கும் ஊரில் இடம். மூன்றும் தவறினால் இரண்டு குடும்பமும் மழையில், மதிலுக்கு வெளியே. வெளியே என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காடு இருந்தது, காட்டுக்குள் மேற்கு ராஜாவின் ஆட்கள் ஓடிப்போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் உடையாள் இருவரையும் ஒன்றாக நிறுத்திக் குறடு அடிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

குறடு அடிப்பதற்கே குறடு வேண்டாமா, முதல் குறட்டை எதைக்கொண்டு பிடித்தார்கள் என்று உங்களில் ஒருவர் கேட்கத்தான் போகிறீர்கள். நீளமான கம்பியை எடுத்துக்கொண்டால் போதும். ஒரு முனை உலையில் சிவக்கும்போது மறு முனை ஆறியே இருக்கும், அதைக் கையாலேயே பிடித்துக்கொள்ளலாம். உலையை நம்பாதவன் பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீரும் வைத்துக்கொள்ளலாம்.

சிவந்த முனையைத் தட்டையாக அடித்தால் அது குறட்டின் வாய். பிறகு கம்பியை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பி, வாய்க்குக் கீழே அடித்தால் அது மூட்டு. மிச்சத்தை நீட்டி அடித்தால் பிடி. மூட்டில் துளை போட்டு, இதே மாதிரி இன்னொரு பாதியை அதன் மேல் குறுக்கே வைத்து ஆணி அடித்து இறுக்கினால் குறடு. அதில் ஒரே ஒரு சூட்சுமம். இரண்டு பாதியும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். முதல் பாதிக்கு இடப்பக்கம் திருப்பினால் அடுத்த பாதிக்கும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். ஒன்றை இடமும் ஒன்றை வலமுமாகத் திருப்பிவிட்டால் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும், வாயோடு வாய் சேராது.

கொற்றனுக்கு இது உடனே பிடிபட்டது. பூவனுக்குப் பிடிபடவில்லை. முதல் பாதியை இடம் திருப்பினான், அடுத்ததை வலம் திருப்பினான். உடையாள் திட்டினாள். மறுபடியும் வலம் திருப்பினான். மறுபடியும் திட்டினாள். மூன்றாவது முறையும் வலம்தான்.

"ரெண்டு கையும் எதிரும் புதிருமா இருந்தாத்தானேம்மா கும்பிட முடியும்?" என்று பரிதாபமாகக் கேட்டான் பூவன்.

"இது கும்பிடறதுக்கு இல்லப்பா, கடிக்கிறதுக்கு!"

தெருவே சிரித்தது. கொற்றன் மட்டும் சிரிக்கவில்லை. இந்த மண்டுவை நம்பியா என் பெண்டாட்டி பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நினைத்தான். அதன் பிறகு பூவன் சரியாக அடிக்கக் கற்றுக்கொண்டதை அவன் கவனிக்கவே இல்லை.

அதுவரை அவர்கள் தங்க, வாசலை ஒட்டி ஒரு கொட்டகை. நடுவே ஓலைத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் கொற்றனும் மனைவியும், அந்தப் பக்கம் பூவனும் குழந்தைகளும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பேசவில்லை. அந்தப் பக்கம் குழந்தை இருமினால்கூட இந்தப் பக்கம் கொற்றன் அது என்ன சைகையோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

முதல் முறை வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற கொற்றன் கணக்குப் போட்டான். 'அந்த மண்டு பயத்தில் பழையபடி வலம்தான் திருப்புவான். நான் இடம் திருப்பினால் சேராது. நானும் வலம் திருப்பிவிட்டால் சேர்ந்துவிடும்.' அப்படியே வலம் திருப்பி அடித்தான்.

பூவனோ உடையாள் சொன்னதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு, அழகாக இடம் திருப்பி அடித்திருந்தான். உடையாள் இரண்டு பாதியையும் வாங்கி இருவர் முன்னாலும் சேர்த்துப் பார்த்தாள். சேரவில்லை.

பூவன் திகைத்துப் போனான். எல்லாம் தெரிந்தவன் இந்தக் கொற்றன், அவன் தப்பாக அடித்திருக்கிறான் என்றால் அது தெரியாமல் நடந்ததாக இருக்க முடியுமா? 'வேண்டும் என்றே செய்திருக்கிறான். என் வீட்டை எரித்தது போதாது, என் பிள்ளைகளையும் நடுத்தெருவில் நிறுத்தப் பார்க்கிறான்' என்று நினைத்தான். நினைக்க நினைக்க அது உறுதியாகிக்கொண்டே வந்தது. சந்தேகத்துக்குத் தீனி போடவே வேண்டாம், அது தானாகவே கொழுக்கும்.

இரண்டாம் முறை வந்தது. இப்போது பூவன் கணக்குப் போட்டான். 'அவன் மறுபடியும் வலம் திருப்பித்தான் கெடுப்பான். நானும் வலம் திருப்பி அவன் சூழ்ச்சியில் மண்ணைப் போடுகிறேன்.' வலம் திருப்பி அடித்தான்.

கொற்றனோ முதல் நாள் நடந்ததைப் பார்த்து வெட்கப்பட்டிருந்தான். பூவன் சரியாகத்தானே அடித்தான், நாமும் சரியாகவே அடிப்போம் என்று இடம் திருப்பி அடித்திருந்தான். சேரவில்லை.

உடையாள் இரண்டு பாதியையும் தரையில் போட்டாள்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. கொற்றனின் மனைவிக்கு இடுப்பு வலி விட்டு விட்டு எடுத்தது.

"ஏங்க, அந்தம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே அடிச்சா என்ன?" என்றாள் அவள்.

"உனக்குத் தெரியாது. அவன் ஆழமானவன்," என்றான் கொற்றன். முந்தாநாள்வரை மண்டுவாக இருந்த பூவன் இப்போது ஆழமானவனாகிவிட்டான் பாருங்கள்.

மூன்றாம் முறை வந்தது. இதோடு முடிந்தது. கொற்றன் நினைத்தான்: 'போன தடவை வலம் திருப்பினான். பிடிவாதக்காரன், இந்தத் தடவையும் வலம்தான்.' பூவன் நினைத்தான்: 'முதலில் வலம், அடுத்து இடம். மாற்றி மாற்றி அடிக்கிறான் கள்ளன். இந்தத் தடவை வலம்தான்.' சுவருக்கு இந்தப் பக்கம் கொற்றன் வலம் திருப்பினான். அந்தப் பக்கம் பூவனும் வலம் திருப்பினான்.

உடையாள் இரண்டையும் வாங்கினாள். குறுக்கே வைத்தாள். ஆணி அடித்தாள். உலையிலிருந்து சிவந்த துண்டு ஒன்றைக் கவ்விப் பார்த்தாள். குறடு இரும்பைக் கடித்துக்கொண்டது!

தெரு ஆரவாரித்தது. கொற்றன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பூவன் இரண்டு குழந்தைகளையும் கட்டிக்கொண்டு அழுதான்.

ஆனால் உடையாளுக்கு அந்தக் குறடு வலது கையில் சரியாக உட்காரவில்லை. இடது கைக்கு மாற்றினாள். வாகாக உட்கார்ந்தது. ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"கொற்றா, எந்தப் பக்கம் திருப்பினே?"

"வலதும்மா."

"பூவா, நீ?"

"வலதும்மா."

"நான் சொன்னது எந்தப் பக்கம்?"

"இடதும்மா," என்றார்கள் இருவரும்.

"அவன் வலதுதான் திருப்புவான்னு நினைச்சேன்," என்றான் கொற்றன். "நானும் அதேதாம்மா நினைச்சேன்," என்றான் பூவன்.

"ஒரே தட்டிக்கு ரெண்டு பக்கமும் படுத்திருந்தீங்களே. எந்தப் பக்கம் திருப்பப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்க வாய் வரலையா?" என்றாள் உடையாள். "குறடு கடிக்குது, நான் சொன்ன சொல் மாறமாட்டேன். ஊர்ல இருக்கலாம். ஆனா ரெண்டு சந்தேகம் தற்செயலா ஒண்ணா உட்கார்ந்த குறடு இது. இதை வச்சு உங்களை ஒரே பட்டறையில நிறுத்தினா யாரோ ஒருத்தன் கை போயிடும். நின்னு காட்டுங்க, பார்க்கிறேன். முடியலைன்னா ஊர்ல இருந்தாலும் உலைப்பக்கம் வரக் கூடாது."

உலைமேட்டில் உலைப்பக்கம் போக முடியாதவன் எதைச் சாப்பிடுவான்? கொற்றன் எழுந்து இடது கையில் குறட்டை வாங்கினான். சிவந்த இரும்பைக் கவ்விப் பட்டறைக்கல் மேல் வைத்தான். பூவன் சம்மட்டியைத் தூக்கினான். வீட்டை எரித்த படையைச் சேர்ந்தவனின் கை, சம்மட்டிக்குக் கீழே. நீங்களாக இருந்தால் அங்கே கையை வைப்பீர்களா? நான் வைத்திருக்கமாட்டேன்.

கொற்றன் இரும்பைப் பார்க்கவில்லை, பூவனின் முகத்தைப் பார்த்தான். சம்மட்டி இறங்கும்போது கையை இழுத்துக்கொண்டான். அடி வெறும் கல்லில் விழுந்தது. இரும்பு துள்ளிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

மறுபடியும் வைத்தான். இந்த முறை பூவன்தான் நின்றுவிட்டான். இவன் கையை இழுத்தால் இரும்பு என் முகத்துக்குப் பறக்குமே என்று, ஓங்கிய சம்மட்டியைப் பாதியிலேயே நிறுத்தினான்.

மூன்றாவது முறையும் வைத்தான். அப்போதுதான் கொற்றன் வாயைத் திறந்தான்.

"பூவா, எங்கே அடிக்கப் போறே?"

இத்தனை நாளில் ஒருவன் மற்றவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பூவன் அவனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"இரும்பு மேல."

"சரி. அடி."

கொற்றன் பூவனின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து இரும்பைப் பார்த்தான். சம்மட்டி இறங்கியது. பொறி பறந்தது. அடி இரும்பின் மேல்தான் விழுந்தது, கொற்றனின் கையும் வைத்த இடத்திலேயே இருந்தது.

"இன்னொண்ணு போடு," என்றான் கொற்றன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூவன் இன்னொன்று போட்டான்.

கதை கேட்ட நல்லவர்களே, அடுத்தவன் கோணலாகத்தான் செய்வான் என்று ஊகித்து நம் வேலையையும் கோணலாக்கிக்கொள்வதைவிட, அவனிடமே வாயைத் திறந்து கேட்டு, அவன் சொன்ன சொல்லை நம்பி, நம் வேலையை நேராகச் செய்வதே நல்லது.