பச்சை விளக்கு எரிகிற தொட்டி

மடத்தில் தங்கியிருந்த பையன் வேலப்பன் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பந்தியில் உட்காருவான். ஒரு கைப்பிடி சோற்றை இலையில் இங்கும் அங்கும் தள்ளுவான். எழுந்துவிடுவான். கேட்டால் பசிக்கவில்லை என்பான்.

மடத்துக்கு வருகிறவர்கள் அதைத் தவம் என்று நினைத்து அவன் காலில் விழுந்தார்கள். சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட சீடர் தாண்டவர் அதைத் திமிர் என்றார். இலை காலியாகும்வரை எழக்கூடாது என்று உட்காரவைத்தார். பையன் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தான்.

அன்று காலை பந்தியிலேயே மயங்கி விழுந்தான். குடத்துத் தண்ணீரைத் தெளித்து எழுப்பிப் படுக்கவைத்தார்கள்.

தாண்டவர் நேராகக் குருவிடம் போனார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. இருந்தாலும் எல்லாருக்கும் அவர்தான் சாமி. இவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், என்னால் மல்லுக்கட்ட முடியாது என்றார் தாண்டவர்.

"பசிக்கலைங்கிறான் சாமி. பச்சைப் பொய். உடம்புன்னு ஒண்ணு இருந்தா பசிக்காம இருக்குமா?"

குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார் சாமி.

காலையிலிருந்து வரவில்லை. தானாக ஓட வேண்டிய மோட்டாரும் ஓடவில்லை. தொட்டி நிறைந்துவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இருவரும் மாடிக்குப் போனார்கள். மூடியைத் திறந்தால் தொட்டியின் அடி தெரிந்தது. தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் மிதவை மேலே குழாயில் சிக்கிக் கிடந்தது.

"திட்டுங்க," என்றார் சாமி.

"யாரை?"

"தொட்டியை. காய்ஞ்சு கிடந்துக்கிட்டு நிறைஞ்சிருக்குன்னு சொல்லுதே."

தாண்டவர் திட்டவில்லை. கையை விட்டு மிதவையைக் கீழே தட்டிவிட்டார். கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. அவர் முகம் தெளிந்தது.

"அப்போ அவனுக்கும் இப்படி ஒண்ணைத் தட்டிவிட்டா சரியாயிடுமா?"

"தொட்டிக்கு ஒரு மிதவை. அவனுக்கு மூளையோ, குடலோ, ரத்தமோ, எங்கே சிக்கியிருக்கோ. அவன் அம்மாகிட்ட போன்ல பேசினேன். அவங்க தங்கச்சியும் இப்படித்தான் சாப்பிடாம கிடந்தாங்களாம். பிறக்கும்போதே வந்ததா, நடுவுல வந்ததா, டாக்டருங்களுக்கே முழுசாத் தெரியாது."

தாண்டவர் மூடியைப் போட்டார். அது சரியாகத்தான் உட்கார்ந்தது. திரும்பவும் அழுத்தினார். அவனை இலை முன்னால் அழவைத்ததை மெதுவாகச் சொன்னார்.

சாமி முன்பே வரச்சொல்லியிருந்த ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு அவனோடு நீங்களே போங்கள் என்றார் சாமி.

"நானா? டாக்டர்கிட்ட என்ன சொல்ல?"

"அவனுக்குப் பசிக்கலைன்னு சொல்லுங்க. பசிக்கலைங்கிறான்னு சொல்லாதீங்க."